பூஸ்டரைக் கழற்றிய கதை: ஒரு பழைய சி10 பிக்கப்பும் என் வலது காலும்

பழைய அமெரிக்க பிக்கப் வைத்திருப்பவர்களிடம் போய் "பிரேக் சரியில்லை" என்று வாயைத் திறந்தால் போதும். கூட்டத்தில் ஒருவராவது "அந்த பூஸ்டரைத் தூக்கிப் போடு, மேனுவலா மாத்திடு, ஒரு சனிக்கிழமை வேலை" என்பார். மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பாகம்தான் பூஸ்டர்; அது இல்லாமல் வெறும் கால் பலத்தில் நிற்பது மேனுவல். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அது ஒரு சனிக்கிழமை வேலை இல்லை. என் கோடைக்காலம் முழுவதையும் தின்றது, எண்ணூறு டாலரை ஒட்டி விழுங்கியது, நடுவில் ஒரு நாள் நெடுஞ்சாலை ஓரத்தில் முன்சக்கரத்திலிருந்து புகை வர என்னை நிற்கவும் வைத்தது. இப்போது வண்டி நன்றாகவே நிற்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இதில் எங்கெங்கே உயிருக்கு ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று முன்பே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிப் பணமும் முழு நிம்மதியும் மிஞ்சியிருக்கும். டாலஸ் பக்கம் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்த நம்மாட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

என்னுடையது 1972 மாடல் செவர்லே சி10, பின்னால் குட்டைச் சரக்குத் தொட்டி, 350 வி8 எஞ்சின். 1971 முதல் சி10 வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, பின்னால் டிரம். என் வண்டியில் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பில், வட்டமாக ஒரு பூஸ்டரும் இருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எஞ்சினுக்குப் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டுவிட்டார். நிற்கும்போது "டுக்… டுக் டுக்…" என்று எஞ்சின் நொண்டியடித்து ஓடும் சத்தம் கேட்கிறதே, அதுதான் பெரிய கேம். அந்தச் சத்தத்துக்காகத்தான் நானும் வாங்கினேன், ஒளிப்பானேன். ஆனால் அந்தச் சத்தத்துக்கும் பிரேக்குக்கும் நேரடி உறவு உண்டு. பூஸ்டர் வேலை செய்வது எஞ்சின் காற்றை இழுப்பதால் உண்டாகும் வேக்யூமில், அதாவது வெற்றிடத்தில். பெரிய கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம். அதனால் ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மெல்ல ஓடும்போது, வேக்யூம் விழுந்துவிடும். சாதாரண 350 எஞ்சினில் 17, 18 அங்குலம் பாதரசம் (வேக்யூமை அளக்கும் அலகு) காட்டும் கேஜ், என் வண்டியில் 9 காட்டியது. பூஸ்டரின் அரைவயிறுகூட அதில் நிரம்பாது. சிக்னலில் மெல்ல ஊர்ந்து இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்தால் சேர்த்து வைத்திருந்த வேக்யூம் தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும். காலை அழுத்துகிறேன், வண்டி தன்பாட்டுக்கு முன்னே போகிறது. முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பேருந்து நிற்கும்போது அப்படி ஆனதும்தான் இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெடல் கடினமாக இருந்தால் உடனே பூஸ்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை பிரேக்கை மிதித்து, உள்ளே இருக்கும் வேக்யூமைத் தீர்த்துவிடுங்கள். பிறகு பெடலைக் காலால் அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் லேசாக இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்காவிட்டால் அடுத்து பார்க்க வேண்டியது பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் அதன் முனையில் இருக்கும் ஒருவழி வால்வையும். உள்ளே உப்பி, வெளியே நல்லதுபோல் தெரியும் ஹோஸ்கள் எத்தனையோ. அப்புறம் இருபது டாலருக்கு ஒரு வேக்யூம் கேஜ் வாங்கி ஐடிலில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 16, 17-க்கு மேல் காட்டினால் உங்கள் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது, இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. என் வண்டியில் பூஸ்டர் நன்றாக இருந்தது, ஹோஸ் நன்றாக இருந்தது, எஞ்சின்தான் காற்றை இழுக்கவில்லை. கேமை மாற்றலாம், மனம் வரவில்லை. மின்சாரத்தில் ஓடும் வேக்யூம் பம்ப் போடலாம், அதன் இரைச்சலும் இன்னொரு வயரிங்கும் பிடிக்கவில்லை. ஹைட்ரோபூஸ்ட் என்று ஒன்று உண்டு, பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் ஓடுவது, வேக்யூமே வேண்டாம். அது என் பையைத் தாண்டியது. அந்தக் காலத்தில் சி10 பூஸ்டர் இல்லாமலும் வந்தது என்று தெரிந்ததும் மேனுவல் பக்கம் சாய்ந்துவிட்டேன். போதாக்குறைக்கு அப்பா போனில், "அம்பாசிடர்ல பூஸ்டரா இருந்துச்சு? மிதிச்சா நின்னுச்சு" என்று உசுப்பேற்றினார்.

அப்பா சொன்னதில் பாதிதான் உண்மை. அந்த அம்பாசிடருக்கு நாலு சக்கரத்திலும் டிரம். டிரம் பிரேக்கில் ஷூ (உள்ளே இருக்கும் வளைந்த உராய்வுக் கட்டை) போய் டிரம்மில் ஒட்டியதும், சுற்றுகிற டிரம்மே ஷூவை இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்ளும். கால் கொடுக்கும் விசையை டிரம்மே பெருக்கித் தரும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேட் எனும் உராய்வுக் கட்டை டிஸ்க்கை இரண்டு பக்கமும் கிடுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். கால் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். டிஸ்க் பிரேக் பரவியபோது பூஸ்டரும் கூடவே பரவியதற்கு இதுவே காரணம். ஆகவே முன்னால் டிஸ்க் இருக்கும் வண்டியில் பூஸ்டரைக் கழற்றினால், அது செய்துவந்த வேலையை வேறு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். எடுக்க மூன்று இடங்கள் இருக்கின்றன: பெடலின் நெம்புவிசை, மாஸ்டர் சிலிண்டரின் (மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளையின்) போர், அதாவது உள்விட்டம், பேடின் உராய்வு. இந்த மூன்றையும் தொடாமல் பூஸ்டரை மட்டும் கழற்றியவர்கள்தான் "மேனுவல் பிரேக் வேஸ்ட்" என்று திட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீர்கள். பெடல் ஒரு நெம்புகோல். மேலே கீல், கீழே நம் கால், நடுவில் புஷ் ராட் (பெடலின் விசையை மாஸ்டருக்குக் கொண்டுபோகும் கம்பி) மாட்டும் துளை. அந்தத் துளை கீலுக்குக் கிட்டே போகப் போக விசை கூடும். கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புவதற்கும் நடுவில் பிடித்து நெம்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பவர் பிரேக்குக்கு வழக்கமாக 4 மடங்கு, மேனுவலுக்கு 6 மடங்கு. காலால் நூறு பவுண்டு கொடுத்தால் 6 மடங்கில் ராடில் 600 பவுண்டு. அதை மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பரப்பால் வகுத்தால் லைனில், அதாவது ஆயில் போகும் குழாயில், கிடைக்கும் அழுத்தம். பவர் பிரேக் வண்டியில் போர் பெரிதாக, 1⅛ அங்குலம் இருக்கும். அதில் 600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு) வரும். போர் 1 அங்குலம் என்றால் 760. ⅞ அங்குலம் என்றால் ஆயிரத்தைத் தொடும். பூஸ்டரை மட்டும் கழற்றிவிட்டுப் பழைய துளையிலேயே, பழைய பெரிய மாஸ்டரையே மாட்டினால் வெறும் 400 தான். டிஸ்க் பிடித்து இந்த வண்டியை அவசரத்தில் நிறுத்த அது எந்த மூலைக்கு? அப்படியானால் மிகச் சிறிய போரையே போட்டுவிடலாமே என்று தோன்றும். போர் சிறுக்கச் சிறுக்க அது தள்ளும் ஆயிலின் அளவும் குறையும். செவர்லேயின் முன் காலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியில்) ஒற்றைப் பெரிய பிஸ்டன். அதை நகர்த்த ஆயில் நிறைய வேண்டும். ⅞ போட்டால் பெடல் தரையைத் தொடும் அபாயம். என் வண்டிக்கு 1 அங்குலம் சரிவந்தது. அதிலேயே, நெம்புவிசையும் கூடியதால், பெடல் முன்பு போன தூரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கீழே போகிறது. பேப்பரில் இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காதீர்கள்.

என் வண்டியின் பெடல் கையில் இரண்டு துளைகள் இருந்தன, சுமார் ஒரு அங்குல இடைவெளியில். கீழே உள்ளதில் பூஸ்டர் ராட் மாட்டியிருந்தது, மேலே உள்ளது மேனுவலுக்கு. டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்த மேல் துளையைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே! உங்கள் பெடலில் அப்படி இரண்டாவது துளை இல்லையென்றால் நீங்களாகத் துளை போட நினைக்க வேண்டாம், மேனுவல் வண்டியின் பெடலைத் தேடி வாங்குங்கள். ராட் நேராக மாஸ்டருக்குள் போகிறதா என்பதையும் பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும். கோணலாகப் போனால் பிஸ்டனை ஒருபக்கமாகத் தள்ளித் தேய்த்துவிடும். இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை: பெடல் நிற்கும் இடம் சற்று மாறுவதால் பிரேக் லைட் சுவிட்சையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். என் வண்டியில் காலை எடுத்த பிறகும் பின்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எதிர்ப்புறமாகவும் நடக்கலாம், மிதித்தும் எரியாமல் போகலாம். அது இன்னும் மோசம்.

பூஸ்டரைக் கழற்றுவது சுலபம். கழற்றியதும் மாஸ்டர் சிலிண்டர் ஃபயர்வாலுக்கு நெருங்கி உட்காரும்; பழைய பிரேக் லைன்கள் எட்டாது, அல்லது எங்கோ மடங்கி நிற்கும். லைன்களைப் பிரிக்கும் காம்பினேஷன் வால்வும் பழைய பிராக்கெட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கும் புது இடம் பார்க்க வேண்டும். எஞ்சினில் பூஸ்டர் ஹோஸ் மாட்டியிருந்த வாயை மறக்காமல் அடைக்க வேண்டும். அதற்கு ரப்பர் மூடி போடாதீர்கள், டெக்சஸ் வெயிலில் சில மாதத்தில் வெடித்து எஞ்சின் காற்றை இழுத்து ஐடில் ஆடத் தொடங்கும். மரை போட்ட பித்தளை டம்மி ஒன்று சில டாலர்தான்.

இனி வயிறு எரிந்த பகுதிக்கு வருகிறேன். "முழு மேனுவல் கன்வர்ஷன் கிட், அப்படியே மாட்டலாம்" என்று ஆன்லைனில் விற்ற ஒன்றை 180 டாலருக்கு வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். பெட்டியில் மாஸ்டர் சிலிண்டர், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய புஷ் ராட், ஒரு தாள் வழிமுறை, அவ்வளவுதான். மாஸ்டரைக் கையில் எடுத்துப் பின்பக்கம் பிஸ்டனில் ராடை வைத்துப் பார்த்தேன், நிற்கவே இல்லை. பிஸ்டனின் பின்னால் கால் அங்குலம் ஆழத்தில் ஒரு குழி, அவ்வளவுதான். லேசாக ஆட்டினால் ராட் நழுவிக் கீழே விழுகிறது. இது பவர் பிரேக்குக்கான மாஸ்டர். பூஸ்டர் இருக்கும்போது அதன் ராட் எங்கும் போகாது, ஆழம் தேவையில்லை. மேனுவலில் ராட் பெடலோடு சேர்ந்து தொங்குகிறது, பிஸ்டனில் ஒரு அங்குலத்துக்கு மேலேயே ஆழமான குழி வேண்டும், ராட் உள்ளே புதைந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு குண்டுகுழியில் வண்டி குதிக்கும்போது ராட் நழுவும், அடுத்த முறை மிதிக்கும்போது காலுக்கடியில் ஒன்றுமே இருக்காது. இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்: ஆழக் குழி மாஸ்டர், ஆழமில்லாத மாஸ்டர் என்று இரண்டு உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "எல்லாத்துக்கும் சேரும் சார், யுனிவர்சல்" என்பதை ஆங்கிலத்தில் விதவிதமாகச் சொன்னார்கள். போரை அளந்தால் அதுவும் 1⅛. திருப்பி அனுப்பப் பெட்டி பிரித்ததற்குக் கழிவு, போகவர கூரியர் என்று கணக்குப் பார்த்ததில் கையில் சில்லறைதான் மிஞ்சும்போல இருந்தது, விட்டுவிட்டேன். பிறகு பக்கத்து உதிரிபாகக் கடைக்குப் போய் கிட், கன்வர்ஷன் என்ற பேச்சையே எடுக்காமல், "1972 சி10, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பூஸ்டர் இல்லாத வண்டி, அதற்கு மாஸ்டர் சிலிண்டர் கொடுங்கள்" என்று கேட்டேன். எழுபத்தைந்து டாலர். கவுன்டரிலேயே பெட்டியைப் பிரித்து, பேனாவைப் பின்னால் விட்டு ஆழம் பார்த்தேன், போரை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். கம்பெனியே மேனுவலாக விற்ற வண்டியின் பாகத்தைக் கேட்டு வாங்குவதுதான் பத்திரமான வழி. கிட்டில் உருப்படியாக இருந்தது அந்த ராட் மட்டும்தான். அந்த ராடும் பின்னால் என்ன பாடுபடுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

லைன்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிக்கல் செம்புக் கலவை டியூப் வாங்குங்கள், கையாலேயே வளையும். முனையை இரட்டை ஃபிளேர் செய்ய வேண்டும், அதாவது இரண்டு மடிப்பாக விரிக்க வேண்டும், ஒற்றை ஃபிளேர் பிரேக்குக்கு ஆகாது. மலிவு ஃபிளேர் கருவி டியூபைக் கோணலாக்கும். நான் 95 டாலருக்கு நல்லது வாங்கினேன், டியூபும் நட்டுகளும் ஒரு 60. பழைய நட்டைத் திறக்கச் சாதாரண ஸ்பேனர் வேண்டாம், நட்டின் முனைகள் மழுங்கிவிடும், லைன் ஸ்பேனர்தான். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், பக்கத்தில் ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் எடுக்கும் வேலையை, அதாவது ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றுவதை, மாஸ்டர் மேசையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். வைஸில் பிடித்து, இரண்டு வாய்களிலிருந்தும் குழாய் போட்டு ஆயில் டப்பாவுக்கே திருப்பிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை மெல்ல மெல்லத் தள்ளி, குமிழி வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியில் மாட்டினால் பொழுது விடியும்வரை மிதித்துக்கொண்டே இருக்கலாம். மாட்டிய பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து, அதாவது வலது பின்சக்கரம், இடது பின், வலது முன், இடது முன் என்று வர வேண்டும். உள்ளே இருந்து மிதிக்க என் மகள் வந்தாள். "மிதி", "பிடி", "விடு" என்று மூன்று வார்த்தையில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டோம். தரைவரை ஓங்கி மிதிக்கக் கூடாது, அரைப் பெடல் போதும். எல்லாம் முடிந்தும் பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. ஏர் இல்லை, பின் ஷூக்கள்தான் டிரம்மிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தன. பூஸ்டர் காலத்தில் அது தெரியவே இல்லை. மேனுவலில் ஷூவின் இடைவெளி ஒவ்வொன்றையும் கால்தான் நிரப்ப வேண்டும். பின்னால் இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டிரம் லேசாக உரசும்வரை ஷூவை வெளியே கொண்டுவந்ததும் பெடல் சட்டென்று மேலே ஏறிவிட்டது. ஏர் ஏர் என்று லிட்டர் கணக்கில் ஆயிலைக் கொட்டுவதற்கு முன் ஷூவைப் பாருங்கள்.

தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், நன்றாக நின்றது. காலி பார்க்கிங் இடத்தில் வேகம் கூட்டிக் கூட்டி நிறுத்திப் பார்த்தேன், அதுவும் நன்றாக இருந்தது. அந்த நம்பிக்கையில் டென்டன் வரை போனேன். திரும்பும்போது ஐ-35இ சாலையில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க மறுத்தது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தத்தான் போனது. பெடலைத் தொட்டுப் பார்த்தேன், உச்சியில் விறைப்பாக நிற்கிறது, ஓரிழைகூட இடம் கொடுக்கவில்லை. எரிந்த வாடை வந்தது. ஓரம் கட்டி இறங்கினால் முன்சக்கரம் இரண்டிலும் புகை. கையைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. வெளியே வெயில் 40 டிகிரி, லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போகின்றன, எனக்குக் கால் நடுங்கியது. நடுரோட்டில் முழுசாகப் பூட்டியிருந்தால் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். காத்திருந்தேன். ஆறியதும் சக்கரம் தானாக விட்டுவிட்டது. இரண்டு மைல் போவதற்குள் மறுபடி பிடித்தது. டோ டிரக்கைக் கூப்பிட்டேன், 165 டாலர்.

நாமக்கல்லில் பெரியப்பா மகன் லாரி ஷெட் வைத்திருக்கிறார். டெம்போ, பிக்கப் என்று பிரேக் வேலைதான் நாள் முழுக்க. வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினேன். பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "தம்பி, சூடானா புடிக்குது, ஆறினா விடுதா?" ஆமாம் என்றேன். "அப்ப ஆயில் திரும்பி வர்ற வழி அடைஞ்சிருக்கு. ராடு நீளமா இருக்கும், குறை." பார்க்காமலேயே சொல்லிவிட்டார். மாஸ்டர் சிலிண்டருக்குள் மிகச் சின்னதாக ஒரு துளை உண்டு. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுசாகப் பின்னுக்கு வந்தால்தான் அந்தத் துளை திறக்கும், சூட்டில் விரிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். ராட் ஒரு மயிரிழை நீளமாக இருந்தாலும் பிஸ்டன் பாதியில் நின்று அந்தத் துளையை மூடிவிடும். ஓட ஓட ஆயில் சூடாகும், விரியும், போக வழியில்லாமல் காலிப்பரைத் தள்ளும், பேட் உரசும், இன்னும் சூடாகும். கிட்டோடு வந்த தாளில் "ராடை இடைவெளி இல்லாமல் பிஸ்டனில் படும்படி முறுக்கவும்" என்று அச்சடித்திருந்தார்கள். படுபாவிகள். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே பதினாறில் ஒரு அங்குலம், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு, ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். பெடலை விரலால் தள்ளினால் எதிர்ப்பு வருவதற்கு முன் கொஞ்சம் சும்மா அசைய வேண்டும். அதைச் சரிசெய்து லாக் நட்டை இறுக்கிய பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை.

யாருக்காவது இப்படிப் பிடித்துக்கொண்டால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அண்ணன் சொன்ன வழி இது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மாஸ்டரை ஃபயர்வாலில் பிடித்திருக்கும் நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்தி, மாஸ்டரை முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டால் ராட் நீளம். விடாவிட்டால் மாஸ்டரில் லைன் நட்டைச் சற்றுத் திறங்கள். இப்போது விட்டால் மாஸ்டருக்குள்ளேயே கோளாறு, அல்லது டிரம்முக்கான அழுத்தம் தேக்கும் வால்வு டிஸ்க் பக்கத்து வாயில் இருக்கிறது. அதற்கும் விடாமல் காலிப்பரின் பிளீடரை (ஏர் எடுக்கும் திருகை) திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பியிருக்கிறது. அதற்கும் விடாவிட்டால் காலிப்பரே துருப்பிடித்திருக்கிறது. சாலையோரத்தில் பிளீடரைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு வீடுவரை ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், சூடான ஆயில் கொதித்திருந்தால் அடுத்த மிதியில் பெடல் தரைக்குப் போகும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் குடித்த பிறகு 140 தான். நானும் முழு ஆயிலையும் வடித்து மாற்றினேன்.

அந்தப் பயணத்தில் பேட் கண்ணாடியாகப் பளபளத்துவிட்டது, டிஸ்க் நீலம் பாய்ந்துவிட்டது. டிஸ்க் இரண்டுக்கும் 130, பேடுக்கு 45. ஆனால் பேட் மாற்றியதில்தான் ஒரு நல்லது நடந்தது. பேடின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. பழைய பேடில் 'ஈஈ' இருந்தது. பூஸ்டர் இருந்தால் அது போதும், மேனுவலில் அது காலைக் கொல்லும். 'எஃப்எஃப்' போட்டதும் அதே மிதியில் வண்டி நிற்கும் விதமே மாறிவிட்டது. ரேஸ் பேட் போடலாமே என்று ஆசை வரும். அது சூடானால்தான் பிடிக்கும், காலையில் முதல் சிக்னலில் கைவிட்டுவிடும்.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? எனக்குப் பிடித்திருக்கிறது. எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் பெடல் ஒரே மாதிரி. சாலையில் என்ன நடக்கிறது என்று கால் சொல்கிறது. முன்னால் போகிறவரிடமிருந்து இடைவெளி அதிகம் விட்டு ஓட்டுகிறேன், இருக்கையை ஒரு பல் முன்னால் தள்ளிக்கொண்டேன், ஏனென்றால் முட்டி மடங்கியிருந்தால்தான் முழு பலம் கொடுக்க முடியும். டிராஃபிக்கில் ஒரு மணிநேரம் ஊர்ந்தால் தொடை வலிக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வண்டியை யாருக்கும் இரவல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பவர் பிரேக்கில் பழகிய கால் அவசரத்தில் தொடும் அளவுக்கு இந்தப் பெடல் அசையக்கூட அசையாது. கூடவே இரண்டு விஷயம். காப்பீட்டு கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டேன். டெக்சஸில் 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையே ரத்தாகிவிட்டது, ஆகவே நாம் செய்வதை யாரும் பார்த்துச் சொல்லப்போவதில்லை. என் செலவில் ஒரு பிரேக் மெக்கானிக்கிடம் காட்டி அடியில் ஒவ்வொரு நட்டையும் பார்க்கச் சொன்னேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் கை வைத்துவிடாதீர்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி கொடுத்ததை மாற்றுவதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது.

கேம் கொஞ்சமாக மட்டும் பெரிது, வேக்யூம் 13, 14 காட்டுகிறது என்றால் வேக்யூம் பம்ப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நான் இழந்த மொத்தப் பணத்தில் பாதிகூட ஆகாது. முட்டி வலி இருப்பவர்களும், தொட்டியில் அடிக்கடி பாரம் ஏற்றுபவர்களும் மேனுவல் பக்கமே வரக் கூடாது. போன மாதம் என் நண்பர் ஒருவர், இதே 350 எஞ்சின், இதைவிடப் பெரிய கேம், "உன் வண்டி மாதிரியே பண்ணித் தா" என்று வந்தார். அவர் வாரக்கடைசியில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவர். படகு, டிரெய்லர் எல்லாம் சேர்த்து என்ன எடை என்று கேட்டேன். சொன்னார். ஹைட்ரோபூஸ்டுக்குக் காசு சேர்த்து வையுங்கள் என்று சொல்லி, மாஸ்டர் சிலிண்டரின் குழி ஆழத்தை எப்படி அளப்பது என்பதை மட்டும் காட்டி அனுப்பினேன்.